பாரதி பாட்டுக்கு ஓனர் யார்? ஏவி.எம். கையில் இருந்த ரிக்கார்டு உரிமை

பாரதியார் பாட்டை நீங்களே பாடி ரீல்ஸ் போட்டால், அந்த வரிகளுக்குக் காப்புரிமை கேட்டு யாரும் வரமாட்டார்கள். ஆனால் 1940-களில் கதையே வேற. அவற்றை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர், மதுரையிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் காரைக்குடியைச் சேர்ந்த ஏ.வி.மெய்யப்பன்.

ரிக்கார்டு கடையில் தொடக்கம்

ஏவி.எம். என்றதும் சினிமாதான் ஞாபகம் வரும். ஆனால் 1907-ல் பிறந்த மெய்யப்பனின் முதல் தொழில் இசைத்தட்டு. அப்பா ஆவிச்சி செட்டியாரின் கடையில் கிராமபோன் ரிக்கார்டு விற்றவர், 1932-ல் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் நிறுவனத்தோடு கைகோத்து, ரிக்கார்டு தயாரிப்பிலும் இறங்கினார்.

குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது

1935-ல் எடுத்த முதல் படம் ‘அல்லி அர்ஜுனா’ ஓடவில்லை. ஆனாலும் விடவில்லை. நடிப்பவரே பாட வேண்டும் என்றிருந்த காலத்தில், ‘நந்தகுமார்’ (1938) படத்தில் நடிகைக்கு லலிதா வெங்கட்ராமனைப் பின்னணி பாட வைத்தார். ‘ஸ்ரீவள்ளி’ (1945) படத்தில் நாயகி ருக்மிணி பாடியது திருப்தி தராததால், பி.ஏ.பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த விஷயம், அன்று பெரிய ரிஸ்க்.

காரைக்குடியில் ஒரு ஸ்டுடியோ

1945-ல் ஏவி.எம். நிறுவனம் உருவானது. போர்க்கால நெருக்கடியால் சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டார். அங்கே உருவான ‘நாம் இருவர்’ 1947 தொடக்கத்தில், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு வெளியானது. டி.கே.பட்டம்மாள் அதில் பாரதி பாடல்களைப் பாடினார். படம் செம ஹிட்.

சிக்கல் எங்கே வந்தது?

பாரதி 1921-ல் இறந்த பிறகு, அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை மேத்தா என்ற இசைத்தட்டு வியாபாரிக்கு விற்கப்பட்டது. அவரிடமிருந்து மெய்யப்பன் விலைக்கு வாங்கினார். சட்டப்படி தப்பில்லை. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் வந்ததும் நோட்டீஸ் அனுப்பினார். அங்கேதான் பிரச்சினை வெடித்தது. 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த கவிஞன், வறுமையில் செத்தவன். அவன் பாட்டைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதி வாங்கணுமா என்று எழுத்தாளர்களும் ப.ஜீவானந்தம் போன்ற தலைவர்களும் கொதித்தார்கள். பாரதி படைப்புகளைப் பொதுவுடைமை ஆக்கு என்ற குரல் வலுத்தது.

1949-ல் அரசு உரிமைகளைக் கையகப்படுத்த முன்வந்தது. மெய்யப்பன் தன்னிடம் இருந்ததைப் பணம் வாங்காமலே கொடுத்துவிட்டார்.

இப்போ ஏன் இது முக்கியம்?

ஸ்டுடியோ பிறகு சென்னை வடபழனிக்கு மாறியது. இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ (1976) பாடல் பதிவு நடந்ததும் ஏவி.எம்.மில்தான். மெய்யப்பன் 1979-ல் காலமானார். பாட்டு யாருக்குச் சொந்தம், இசையமைத்தவருக்கா, தயாரித்தவருக்கா என்று இளையராஜா பாடல்களை வைத்தே பின்னாளில் வழக்குகள் நடந்தன. நீதிமன்றம் எந்தப் பக்கம் தீர்ப்பு சொன்னாலும், பாரதி பாட்டுக்கு மட்டும் அந்தக் கேள்வி 1949-லேயே முடிந்துவிட்டது.