டி.எஸ். சேனாநாயக்கவும் கிழக்கின் காணிகளும்

செங்கலடி - பதுளை வீதியிலுள்ள கரடியனாற்றின் வயல்களும் மேய்ச்சல் தரைகளும் மேற்கேயுள்ள காடுகளையும் குன்றுகளையும் நம்பியே வாழ்கின்றன. அக்காணிகளின் தலைவிதியோ நெடுங்காலமாகக் கொழும்பிலேயே எழுதப்படுகின்றது. பயிரிடப்படாத நிலத்தை முடிக்குரியதென அனுமானித்த 1840 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இதற்கு வித்திட்டது. பின்னாளில் அந்த அதிகாரத்தைக் கையேற்ற சுதேச அமைச்சரே டி.எஸ். சேனாநாயக்க. அவரது வாழ்வை இக்கோணத்தில் நோக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

1884 ஒக்டோபர் 20 ஆம் திகதி பிறந்த அவர், நில அளவைத் திணைக்களத்தில் சிறிதுகாலம் எழுதுவினைஞராகப் பணியாற்றிய பின்னர் தோட்டச் செய்கையில் ஈடுபட்டார். முஸ்லிம்களுக்கு எதிரான 1915 கலவரத்தையடுத்து ஆங்கில அரசு அவரைத் தடுத்து வைத்தது. 1924 இல் சட்டசபைக்குத் தெரிவாகி, 1931 இல் விவசாய, காணி அமைச்சரானார்.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், ஏழை விவசாயிக்கு வழங்கப்பட்ட நிலம் கடன்காரரின் கைக்குப் போகாதவாறு காத்தது. தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டமும் அவர் அமைச்சராயிருந்த 1937 இலேயே வந்தது. இவை மறுக்கவியலாத பணிகளாகும்.

எனினும், 1947 இல் பிரதமரான அவரது ஆட்சியிலே, மலைகளைத் தோட்டங்களாக்கிய தமிழர்களில் பெரும்பாலானோர் 1948 ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 1949 இல் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. மேற்பகுதிக் குடியேற்றங்களில் வெளிமாவட்டச் சிங்கள மக்களே பெருமளவில் அமர்த்தப்பட்டனர்.

1952 மார்ச் 22 ஆம் திகதி, குதிரையிலிருந்து வீழ்ந்த காயத்தால் அவர் காலமானார். நீர்த்தேக்கத்தின் நீரேந்துப் பிரதேசம் 1954 இல் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டது. ஆனால் அங்கு வாழ்ந்த மனிதருக்கு அத்தகைய காப்பு கிட்டவில்லை. 1956 இல் கல்லோயாவில் தமிழரின் குருதி சிந்தியது.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் கூறிய தேசிய காணி ஆணைக்குழு பல தசாப்தங்கள் கடந்தும் அமைக்கப்படவில்லை. 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் வீதியில் இறங்கியதும் இதன் தொடர்ச்சியே. காடும் மலையும் காக்கப்படவேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் அவற்றின் நிழலில் வாழும் தமிழரையும் முஸ்லிம்களையும் கேளாது வரையப்படும் எல்லைக்கோடு, காட்டையும் காக்காது, நாட்டையும் காக்காது. சேனாநாயக்கவின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.