சித்திர வேந்தர் ரவிவர்மா: பதக்கமும் கல்லச்சும்

ஓவியன் ஒருவனின் பெருமையை உலகம் இரண்டு வகையால் அளக்கின்றது. கற்றோர் அவை கூடி அளிக்கும் பதக்கம் ஒன்று; கல்லாதாரும் தம் வீட்டுச் சுவரில் மனமுவந்து அளிக்கும் இடம் மற்றொன்று. முன்னது கிடைத்தார்க்குப் பின்னது கிடைப்பதில்லை. பின்னது கிடைத்தாரை முன்னதற்குரியோர் மதிப்பதில்லை. இவ்விரண்டினையும் தம் வாழ்நாளிலேயே பெற்று, பின்னதன் பொருட்டுப் பெரும்பொருளையும் இழந்த பெரியார் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவரே ரவிவர்மா.

திருவிதாங்கூர் நாட்டிலே, கிளிமானூர் அரண்மனையில், 1848-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 29-ஆம் நாள் ரவிவர்மா பிறந்தார். தந்தையார் நீலகண்ட பட்டதிரி வடமொழி வல்லவர். தாயார் உமையம்பா கவிதை புனையும் ஆற்றல் வாய்ந்தவர். தாய்மாமனாகிய ராஜராஜவர்மா தஞ்சைமுறைச் சித்திரம் எழுதுவதிற் கைதேர்ந்தவர். மருகன் கரிக்கட்டி கொண்டு அரண்மனைச் சுவர்களில் விலங்கும் பறவையும் வரைந்து வைக்க, ஏவலர் சினந்தனர். மாமனோ சினவாது, அச்சிறு கையைப் பிடித்துப் பயிற்றினார் என்பர். பதினான்கு வயதில், 1862-ஆம் ஆண்டில், அம்மாமனே அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று, ஆயிலியம் திருநாள் மன்னரின் ஆதரவிற் சேர்த்தார்.

ஆதரவு கிடைத்தது, ஆசான் கிடைக்கவில்லை. எண்ணெய் வண்ண ஓவியம் அக்காலத்தில் நம் நாட்டவர்க்குப் புதுவது. அதனை அரண்மனையில் அறிந்திருந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர் என்பார். அவர் அவ்வித்தையை இளைஞருக்குக் கற்பிக்க விரும்பினாரில்லை. அவர்தம் மாணவராகிய ஆறுமுகம் பிள்ளை என்பவரே தாம் அறிந்ததை மறைவிற் சொல்லி உதவினார். பின்னர், 1868-ஆம் ஆண்டில், தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரசரின் உருவம் எழுத வந்தார். அவரும் பாடம் சொல்லவில்லை. தாம் எழுதும்போது அருகிலிருந்து காண மட்டும் இசைந்தார். கண்ணாற் கண்டதைத் தனியறையிற் கையாற் செய்து செய்து, பிழைத்துத் திருத்தி, ரவிவர்மா அக்கலையைத் தாமே தமக்குக் கற்பித்துக்கொண்டார்.

இங்ஙனம் கற்ற கலையை எங்கே காட்டுவது? அரண்மனை ஓவியனுக்கு அரசன் ஒருவனே காண்போன்; அவன் மகிழ்ந்தால் உயர்வு, முகம் சுளித்தால் தாழ்வு. இந்நிலையை மாற்றவல்லனவாய் அந்நாளில் எழுந்தவை கலைப் பொருட்காட்சிகள். அங்கே எழுதியவர் யார், எவர் குடியிற் பிறந்தவர் என்பதறியாக் கண்களும் ஓவியத்தைக் காணும், காண்போர் நடுவர், ஓவியமே வழக்குரைப்பது. 1873-ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய நுண்கலைப் பொருட்காட்சிக்கு ரவிவர்மா ஓவியம் ஒன்றை அனுப்பினார். கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் மங்கையின் ஓவியம் அது. ஆளுநரின் தங்கப் பதக்கம் அதற்கே கிடைத்தது. அவ்வாண்டே வியன்னா நகரத்து உலகப் பொருட்காட்சியிலும் அது பரிசு பெற்றது. எழுதியவருக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து.

அதன்பின் பரிசுகள் தொடர்ந்து வந்தன. 1874-ஆம் ஆண்டு, இசைக்கருவி மீட்டும் தமிழ்ப் பெண்மணியின் ஓவியம் சென்னையில் மீண்டும் தங்கப் பதக்கம் பெற்றது. 1876-ஆம் ஆண்டு, தாமரை இலையில் நகத்தால் மடல் தீட்டும் சகுந்தலையின் ஓவியம் வந்தது. அதனைச் சென்னை ஆளுநராகிய பக்கிங்காம் கோமகன் தமக்கென வாங்கிக்கொண்டார். 1893-ஆம் ஆண்டு சிக்காகோ நகரத்து உலகப் பொருட்காட்சிக்குப் பத்து ஓவியங்கள் சென்றன. இரண்டு பதக்கங்கள் வந்தன. ரவிவர்மா கடல் கடந்தாரில்லை. அவர்தம் ஓவியங்களே கடந்தன. ஆயினும் ஒன்று குறிக்கத்தக்கது. சிக்காகோவிற் பெரிதும் பாராட்டப்பெற்றது அவர் தூரிகையின் திறம் மட்டுமன்று. இந்நாட்டு மாதரின் ஆடையணிகளையும் குல வேறுபாடுகளையும் அவை உள்ளவாறு காட்டின என்பதும் பாராட்டுக்குக் காரணமாயிற்று. பரிசளிப்போர் தாம் காண விரும்பியதையே காண்பர் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாம்.

இதற்கிடையே, ஆயிலியம் திருநாள் மன்னர் 1880-ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்து வந்த விசாகம் திருநாள் மன்னருக்கும் ஓவியருக்கும் மனம் ஒத்து வரவில்லை. பதக்கங்களின் பயன் அப்பொழுதே விளங்கிற்று. சொந்த அரண்மனையின் கதவு அடைந்தபோது, பிற அரண்மனைகளின் கதவுகளை அவை திறந்தன. திருவிதாங்கூரின் திவானாயிருந்து பின் பரோடாவின் திவானான மாதவராவ், அவரைப் பரோடாவுக்கு வரவழைத்தார். அங்கே சாயாஜிராவ் மன்னரின் ஆதரவு கிடைத்தது. அம்மன்னரின் வேண்டுகோளால், இராமாயண பாரதக் கதைகளைப் பதினான்கு பெரிய ஓவியங்களாக எழுத இசைந்த ரவிவர்மா, தம்பி ராஜராஜவர்மாவுடன் வடநாடு முழுதும் சுற்றி, மக்களின் உருவும் உடையும் கண்டு வந்து, 1890-ஆம் ஆண்டில் அப்பணியை முடித்தார்.

அவ்வோவியங்களைத் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் காணுமாறு வைத்தபொழுது, கூட்டம் அலைமோதியது. பாட்டிமார் வாயாற் கேட்ட நளனையும் தமயந்தியையும், ஊனும் உயிருமாய்க் கண்முன் நிற்கக் கண்டனர் மக்கள். ஆனால் பொருட்காட்சி முடிந்தது. ஓவியங்கள் அரண்மனைக்குட் சென்றன. கண்டவர் வெறுங்கையோடு வீடு திரும்பினர். ஒரு சுவரில் மட்டுமே தொங்கவல்ல ஓவியத்தை ஓராயிரம் சுவர்களில் தொங்கச் செய்வது எங்ஙனம்? ரவிவர்மா ஒருவரே எழுதி, நாடு முழுவதும் உள்ளோர் விருப்பத்தை நிறைவேற்றல் இயலாது. ஆதலின் ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிடுதல் நன்று என மாதவராவ் பல்லாண்டுகட்கு முன்னரே எழுதியிருந்தார். ரவிவர்மா அவ்வறிவுரையினும் ஒருபடி மேற்சென்றார். அயல்நாட்டுக்கு ஓவியத்தை அனுப்புவதை விட்டு, அச்சுப்பொறியையே இந்நாட்டுக்கு வரவழைக்கத் துணிந்தார்.

1894-ஆம் ஆண்டு, பம்பாயில் ரவிவர்மாவின் கல்லச்சுக்கூடம் தொடங்கப்பெற்றது. பொறிகளும் தொழில் வல்லாரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். அங்கிருந்து வந்த முதல் ஓவியம் சகுந்தலையின் பிறப்பு.

கல்லச்சுத் தொழிலின் நுட்பத்தை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. ஜெர்மனியைச் சேர்ந்த செனபெல்டர் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதனைக் கண்டறிந்தார். மழமழவென்று தேய்த்த சுண்ணக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் உருவை எழுதி, கல்லை நீரால் நனைப்பர். எழுதிய இடம் நீரை ஏலாது. எழுதாத இடம் நீரை உண்ணும். பின்பு மையை உருட்டினால், அது எழுதிய இடத்திலே மட்டும் பற்றும். தாளை வைத்து அழுத்த, உருவம் தாளில் ஏறும். வண்ண ஓவியத்துக்கோ, வண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக்கல் வேண்டும்; ஒரு கல்லின் உருவம் மற்றொன்றன்மேல் மயிரிழையும் பிறழாது விழுதல் வேண்டும். ஓர் ஓவியத்தைக் கண்ணாற் பிரித்து, இவ்விடத்து மஞ்சள் எவ்வளவு, இவ்விடத்துச் சிவப்பு எவ்வளவு என்று துணிந்து, கல்தோறும் புள்ளியாக வைப்பவனின் உழைப்பு எளியதன்று. அவனும் கலைஞனே.

இவ்வச்சோவியங்கள் நாடெங்கும் பரவின. கமலத்தில் நிற்கும் இலக்குமியும், வீணை ஏந்திய கலைமகளும் இன்று நம் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் வடிவம் பெரிதும் அக்கற்களிலிருந்து பிறந்ததே. இதன் பெருமையை அக்கால நிலையோடு வைத்து எண்ணுதல் வேண்டும். திருவிதாங்கூரில் கோயிற் கதவு எல்லார்க்கும் திறந்தது 1936-ஆம் ஆண்டில். மதுரை மீனாட்சி கோயிலில் 1939-ஆம் ஆண்டில். அதற்கு நாற்பதாண்டுகட்கு முன்னரே, வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பெற்றவன் சில காசுகள் கொடுத்துத் தன் தெய்வத்தின் திருமுகத்தைத் தன் குடிசைக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. எழுத்து அச்சேறியபொழுது ஏட்டுச்சுவடியின் காவல் தளர்ந்தது போலவே, உருவம் அச்சேறியபொழுது கருவறையின் காவலும் சிறிது தளர்ந்தது.

இச்செய்தி எம் பகுதியார்க்கு மிக அணுக்கமானது. வத்திராயிருப்பை அடுத்து, மேற்குமலையின் அடிவாரத்தில் உள்ளது எம்மூராகிய பிளவக்கல். அம்மலைக்கு அப்பால் ரவிவர்மா பிறந்த சேரநாடு. இப்பால் திருவில்லிபுத்தூரும், அதற்குச் சிறிது தொலைவில் சிவகாசியும். 1899-ஆம் ஆண்டில் கோயில் நுழைவுபற்றிப் பெருங்கலகம் மூண்ட ஊர் அச்சிவகாசி. 1922-ஆம் ஆண்டில் அவ்வூரார் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு ஒட்டும் தாளின் பொருட்டு அச்சுத்தொழில் அங்கு வேரூன்றியது. பின்னர்த் தெய்வத் திருவுருவ நாட்காட்டிகள் அங்கிருந்தே திசையெங்கும் சென்றன. கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-ஆம் ஆண்டில் மறைந்த கொண்டையராஜு அவற்றுக்கு ஓவியம் எழுதியோருட் சிறந்தவர். கோயிலுக்குட் செல்லும் உரிமைக்குப் போராடிய ஊரே, கோயிலை வீடுதோறும் அனுப்பும் ஊராயிற்று. ரவிவர்மா தொடங்கிய வழி எங்குச் சென்று சேர்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயின், தொடங்கியவருக்கு அது செல்வம் தரவில்லை. பம்பாயில் கொள்ளைநோய் பரவியது, அச்சுக்கூடம் லோணாவளைக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாறிற்று, கடன் ஏறியது. தூரிகை பிடித்த கை கணக்கேடு பிடிக்க அறியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் அச்சுக்கூடத்தை அங்குப் பணியாற்றிய ஜெர்மானியராகிய ஷ்லைக்கர் என்பாருக்கே விற்றுவிட்டார். 1904-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு கெய்சரி-ஹிந்து தங்கப் பதக்கம் அளித்தது. 1905-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிழல் போல் உடனிருந்த தம்பி மறைந்தார். அடுத்த ஆண்டு, 1906 அக்டோபர் 2-ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் வயதில், பிறந்த கிளிமானூரிலேயே ரவிவர்மாவும் கண்மூடினார்.

அவர் மறைந்தபின் புகழும் சிறிது மங்கியது. அயல்நாட்டு முறையை மேற்கொண்டார் என்று வங்கத்துப் புதிய ஓவியரும், ஆனந்த குமாரசுவாமி போன்ற அறிஞரும் அவரைக் கடிந்தனர். அச்சோவியங்கள் மலிந்தமையே அவர் கலையை மலிவாக்கிற்று என்றனர் சிலர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு; அச்சிற் சுருங்கிய வண்ணம் எண்ணெய் ஓவியத்தின் ஆழத்தை எட்டாது. ஆயினும், காலம் அவருக்கு நீதி செய்தது. 1979-ஆம் ஆண்டில் அவர் ஓவியங்கள் நாட்டின் கலைச்செல்வமாக அறிவிக்கப்பெற்று, வெளிநாடு செல்லாவண்ணம் காக்கப்படலாயின. அச்சுக்கூடமோ 1972-ஆம் ஆண்டிலேயே தீக்கிரையாயிற்று. கூடம் எரிந்தது, அங்குப் பிறந்த உருவங்கள் எரியவில்லை. அவை சுவர்தோறும் குடிபுகுந்துவிட்டன.

இவ்வரலாற்றிலே விடை பெறாத வினா ஒன்று நிற்கின்றது. சென்னையும் வியன்னாவும் சிக்காகோவும் பரிசளித்தது எண்ணெய் ஓவியத்துக்கு. மக்களிடம் சென்ற அச்சோவியத்துக்குப் பரிசு யாது? கல்தோறும் புள்ளி வைத்த கைகட்குப் பதக்கம் எங்கே? அவர்களுட் பெரும்பாலாரின் பெயரும் நாம் அறியோம். அச்சு என்றால் நகல், நகல் என்றால் தாழ்வு என்று எண்ணிய காலம் அது.

அந்நிலை இன்று பெரிதும் மாறியுள்ளது. கல்லிலும் மரத்திலும் செப்புத்தகட்டிலும் கலைஞன் தானே செதுக்கி எழுதி, எண்ணிய சில படிகளே எடுத்து, ஒவ்வொன்றிலும் கையொப்பமிடும் அச்சோவியம், நகல் அன்று. அதுவே மூலம் என்பதை உலகம் உணர்ந்துள்ளது. 1954-ஆம் ஆண்டில் தில்லியில் நிறுவப்பெற்ற லலித கலா அகாதெமியின் தேசியக் கண்காட்சியில் வண்ண ஓவியத்தோடும் சிற்பத்தோடும் அச்சோவியமும் இடம்பெற்றுப் பரிசுக்கு உரியதாகின்றது. போபால் நகரத்துப் பாரத பவனம் 1989-ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு அச்சோவியக் கண்காட்சிகளை நடத்தலாயிற்று. 2018-ஆம் ஆண்டில் அகாதெமியும் அச்சோவியத்துக்கென்றே தனிப் பன்னாட்டுக் கண்காட்சியைத் தில்லியிற் கூட்டியது. கல்லில் உழைத்த பெயரறியாதார்க்குக் காலங்கடந்து கிடைத்த மரியாதை என இவற்றைக் கொள்ளலாம்.

மாணவ நண்பர்களே! நம்மிடையேயும் அச்சுத்தொழில் வீடுகளிற் பிறந்து, வண்ணமும் தாளும் மையும் அறிந்த இளைஞர் பலர் உளர். குலத்தொழிலைக் கூலித்தொழிலென நாணுவோர் அவருட் சிலர். அவர்க்கு ரவிவர்மாவின் வாழ்வு கூறுவது ஈதே: ஆசான் மறுத்தால் கண்ணால் கற்க, அரண்மனை மறுத்தால் பொருட்காட்சிக்கு அனுப்புக, பதக்கம் வந்தால் அதனை முடிவென்று கொள்ளாது, அதற்கு அப்பால் உள்ள எளியோர் சுவரை எண்ணுக. பரிசு கலைஞனுக்குப் பெயரைத் தரும். அப்பெயரை அவன் எவர்க்காகச் செலவிடுகின்றான் என்பதிலேயே அவன் பெருமை நிலைபெறும்.