எதுவார் குபேர்: இந்தியா ஏற்க மறுத்த தேர்தலில் ஜெயித்தவர், புதுச்சேரியின் முதல் முதல்வர் ஆனது எப்படி?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி கிழக்கு கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், முக்கால் மணி நேரத்தில் புதுச்சேரி கடற்கரை வந்துவிடும். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், சாயங்காலம் வாக்கிங் வரும் கூட்டம்... எல்லாருக்கும் தெரிந்த இடம். அந்தச் சாலைக்குப் பெயர் குபேர் அவென்யூ. ஊருக்குள் இருக்கும் பெரிய மார்க்கெட்டும் குபேர் அங்காடிதான்.

செல்வத்துக்கு அதிபதியான குபேரனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இவர் எதுவார் குபேர். பிரெஞ்சுக்காரத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் 1894 ஜூலை 29 அன்று பிறந்த புதுச்சேரிக்காரர். கள்ள ஓட்டிலும் அடியாள் பலத்திலும் ஜெயித்தவர் என்று இந்தியா குற்றம்சாட்டிய அரசியல்வாதி. பிறகு அதே இந்தியாவில் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவரும் அவரேதான்.

ஏன் இப்போது இந்தக் கதை?

பக்கத்து நாட்டுத் தேர்தலில் முறைகேடு நடந்தால் நம் தலைவர்கள் வாய் திறக்கலாமா, கூடாதா என்ற சண்டை அடிக்கடி வருகிறது. 2024 ஜனவரியில் வங்கதேசத்தில் முக்கிய எதிர்க்கட்சி புறக்கணித்த தேர்தலில் ஷேக் ஹசீனா வென்றார். அது நேர்மையாக நடக்கவில்லை என்று அமெரிக்கா சொன்னது. டெல்லி வாழ்த்துச் சொன்னது. ஏழே மாதத்தில் மாணவர் போராட்டம் வெடித்து, ஹசீனா இந்தியாவுக்குத்தான் வந்து இறங்கினார். அந்த வாழ்த்தை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை.

அப்படி ஒரு கேள்வி சுதந்திரம் கிடைத்த மறு வருஷமே இந்தியாவுக்கு வந்தது. அதுவும் தொலைதூரத்தில் இல்லை, மரக்காணத்துக்கு அடுத்த ஊர்களில்.

உப்பளத்துக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ்

இன்றைய ஈசிஆரில் ஏசி பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தெரியாது. அன்று மரக்காணம் சென்னை மாகாணத்தின் தென்னாற்காடு மாவட்டம். அங்கிருந்து கடலோரமாக வந்தால் காலாப்பட்டில் பிரெஞ்சு மண் தொடங்கும். கொஞ்ச தூரத்தில் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று மறுபடி இந்திய மண். பிறகு முத்தியால்பேட்டையில் திரும்பவும் பிரான்ஸ். கிழிந்த பாயில் ஒட்டுப்போட்டது மாதிரி ஒரு எல்லை.

உப்பில்கூட இந்த எல்லை இருந்தது. 1818ல் போட்ட ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு எடுப்பதை நிறுத்த ஆங்கிலேயர் ஆண்டுதோறும் பணம் கொடுத்தார்கள். மரக்காணத்துப் பாத்திகளில் வெள்ளை வெளேரென்று உப்பு விளையும். கூப்பிடு தூரத்தில் கடலை வைத்திருந்தும் பிரெஞ்சுப் பகுதி தனக்கு வேண்டிய உப்பை ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பக்கம் முன்னால் இருந்தது. 1870களிலேயே அங்கே வயதுவந்த ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு வந்துவிட்டது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஆளை அனுப்பினார்கள். ஓட்டு சீக்கிரம் வந்த மாதிரியே ஓட்டுத் திருட்டும் சீக்கிரம் வந்தது. செத்தவர் வாக்களிப்பது, எதிர்க்கட்சி ஆளை பூத் பக்கம் வரவிடாமல் செய்வது, பெட்டியை மாற்றுவது என்று எல்லாவற்றிலும் புதுச்சேரி அரசியல் கைதேர்ந்திருந்தது. குபேர் அந்தக் கலையைக் கண்டுபிடித்தவர் அல்ல. ஆனால் அதில் அவர் முந்திப் போனார்.

நீதிமன்றத்திலிருந்து அரசியலுக்கு

நீதிமன்ற அலுவலகத்தில் பணியாற்றியவர் குபேர். சட்டமும் தெரியும், அதிகாரிகளும் பழக்கம். பிரெஞ்சில் பேச வேண்டிய இடத்தில் பிரெஞ்சு, தெருவில் இறங்கினால் தமிழ்.

1946 கடைசியில் நடந்த பிரதிநிதி சபைத் தேர்தலில் தேசிய ஜனநாயக முன்னணி ஜெயித்தது. அந்த அணியில் தொழிலாளர் தலைவர் வ.சுப்பையாவும் இருந்தார், குபேரும் இருந்தார். 1936 ஜூலை 30ல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் பலியான போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் சுப்பையா. ஒரே அணியில் இருந்த இந்த இருவரும்தான் பின்னால் பரம எதிரிகள் ஆனார்கள்.

1947ல் குபேர் வெளியேறி பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியில் முக்கியத் தலைவரானார். பெயரில்தான் சோஷலிசம். கட்சியின் உண்மையான கொள்கை, பிரெஞ்சு யூனியனுக்குள் இருந்துகொண்டே தன்னாட்சி. பிரெஞ்சு நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான கட்சி கிடைக்குமா?

1948 அக்டோபர் 24: என்ன நடந்தது?

பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27வது பிரிவு, மக்கள் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது. அதனால் 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தன. முதலில் நகராட்சித் தேர்தல். ஜெயித்து வரும் கவுன்சில்கள், மக்கள் வாக்கெடுப்பை எப்போது, எப்படி நடத்துவது என்று முடிவு செய்யும்.

அதாவது குழாய், சாக்கடை பார்க்க வேண்டிய நகராட்சித் தேர்தல், ஊர் எந்த நாட்டில் இருக்கப்போகிறது என்பதற்கான செமி ஃபைனல் ஆகிவிட்டது.

அக்டோபர் 24ல் வாக்குப்பதிவு. அதற்குச் சில நாள் முன்பு, மாஹேயில் மக்கள் கிளர்ந்து நிர்வாகத்தையே கைப்பற்றியதால் அங்கே மட்டும் தேர்தல் நடக்கவில்லை. மற்ற இடங்களில் குபேர் கட்சி அள்ளிக்கொண்டு போனது.

இந்தியா பொங்கியது. வாக்காளர் அட்டைகள் ஒரு கட்சியின் கைக்குப் போயின, எதிர்த்தவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள், போலீஸ் வேடிக்கை பார்த்தது என்று குற்றச்சாட்டுகள் குவிந்தன. பத்திரிகைகள் எழுதின, அரசும் கண்டித்தது. அப்போது சென்னை மாகாணப் பிரதமராக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரைச் சேர்ந்த அவருக்கு, புதுச்சேரி என்பது வெளிநாட்டுச் செய்தி கிடையாது. சொந்த ஊரிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்.

இந்தியா பேசியது சரியா?

பாரிஸின் வாதம் நேரடியானது. இது பிரெஞ்சு மண், பிரெஞ்சு சட்டப்படி நடந்த தேர்தல். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக வெளிநாடு ஒன்று அதைச் செல்லாது என்று சொல்ல முடியாது.

டெல்லியின் வாதமோ, இது வெளிநாட்டுத் தேர்தலே இல்லை என்பது. காலனி ஆட்சியின் நிழலில், அதன் போலீஸ் துணையோடு நடக்கும் வாக்குப்பதிவை மக்கள் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது.

குற்றச்சாட்டில் உண்மை இருந்தது என்பதற்கு இரண்டு விஷயங்கள் சாட்சி. ஒன்று, சந்திரநாகூர். வங்காளத்தில் இருந்த அந்த பிரெஞ்சு ஊரில் 1949 ஜூனில் வாக்கெடுப்பு நடந்தபோது ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா பக்கம் நின்றார்கள். எதிர்த்தவர்கள் 114 பேர்தான். இரண்டாவது, 1951ல் வந்த நடுநிலைப் பார்வையாளர்கள். சர்வதேச நீதிமன்றத்தின் ஏற்பாட்டில் வந்த அவர்கள் விசாரித்துவிட்டு, இன்றைய சூழலில் இங்கே சுதந்திரமான வாக்கெடுப்பு நடக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். குற்றம்சாட்டியவரே தீர்ப்பும் சொல்லாமல், மூன்றாவது ஆளை அழைத்துப் பார்க்க வைத்ததுதான் இந்த விவகாரத்தில் உருப்படியாக நடந்த காரியம்.

ஆனால் அறிக்கை வந்ததால் தேர்தல் திருந்திவிடவில்லை. அதே 1951ல் குபேர் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே தேர்வாகி பாரிஸ் போனார். 1952ல் டெல்லி, வாக்கெடுப்புப் பேச்சே இனி வேண்டாம், பகுதிகளை நேரடியாக ஒப்படையுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டது.

பேச்சுக்கு விலை கொடுத்தது யார்?

டெல்லியும் பாரிஸும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. அடி வாங்கியது இங்கே இருந்தவர்கள்.

1950 ஜனவரியில் சுப்பையாவின் வீடு தீக்கிரையானது. கைகாட்டப்பட்டது குபேர் கட்சி ஆட்களை நோக்கி. எதிர்த்துப் பேசிய பலர் எல்லை தாண்டி தென்னாற்காட்டுப் பக்கம் தங்க வேண்டியதாயிற்று.

1949 ஏப்ரலில் சுங்கக் கூட்டும் முறிந்தது. எல்லையில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. ஒரு சைக்கிள் மிதி தூரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதற்குக்கூட மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டிய நிலை. மறுபுறம் தங்கம், வைரம், கைக்கடிகாரம், மது என்று கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. ஆளுங்கட்சிக்கு அதில் பங்கு உண்டு என்பது அன்று ஊரறிந்த பேச்சு. இந்தியா எல்லையை இறுக்க இறுக்க கடத்தல் சரக்கின் விலைதான் ஏறியது. இறுக்கத்தில் தவித்தவர்கள் கூலிக்காரர்களும் விவசாயிகளும்.

1954: குபேர் அடித்த அந்தர் பல்டி

இந்தோசீனாவில் பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருந்தது. பாரிஸ் இனி எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரியாதவர் அல்ல குபேர். அவர் மீது விசாரணை நெருங்குகிறது என்ற பேச்சும் அடிபட்டது. ஆளுநர் மெனாருடனும் ஒத்துப்போகவில்லை.

மார்ச் 18ல் அமைச்சர் நிலையில் இருந்த கவுன்சிலர்களும் மேயர்களும், வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். முன்னால் நின்றவர் குபேர்! மார்ச் கடைசியில் நெட்டப்பாக்கம் காவல் நிலையம் கைக்கு வந்தது. இந்தியப் பகுதியால் சூழப்பட்ட அந்த ஊரில் குபேர் தலைமையில் தற்காலிக அரசு அமைந்தது. நேற்றுவரை மூவர்ணக் கொடி பிடித்தவர்களை விரட்டிய ஆட்கள் இப்போது அதே கொடியோடு ஊர்வலம் போனார்கள்.

இது மனமாற்றமா, தப்பிக்கும் வழியா? இரண்டும்தான் என்று சொல்ல இடமிருக்கிறது. பேரம் என்று பார்த்தவர்கள் அன்றைக்கே அதிகம்.

மே மாதம் தியென்பியென்பூ வீழ்ந்தது. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் கைவிட்டுப் போயின. அக்டோபர் 18ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். மொத்தம் 178 பேர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது.

இங்கேதான் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. கீழூரில் வாக்களித்த அந்தப் பிரதிநிதிகள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் குபேர் கட்சி ஆட்டிப்படைத்த தேர்தல்கள் வழியாக வந்தவர்கள். எந்தத் தேர்தலை மோசடி என்று இந்தியா சொன்னதோ, அப்படிப்பட்ட தேர்தலில் ஜெயித்தவர்களின் ஓட்டு இப்போது செல்லுபடியானது. சாதாரண மக்களிடம் ஓட்டுப்பெட்டி போகவே இல்லை. நேராகக் கேட்டிருந்தாலும் மக்கள் இந்தியாவைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பதில் பெரிதாகச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் 1948ல் டெல்லி எழுப்பிய கேள்வியை 1954ல் டெல்லி எழுப்பவில்லை.

முதல்வர் குபேர்

சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு சட்டமன்றம் உருவானபோது, 1963 ஜூலை 1ல் காங்கிரஸ் சார்பில் குபேர் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானார். 1964 செப்டம்பரில் நாற்காலி வெங்கடசுப்பா ரெட்டியாரிடம் போனது. நகரத்தின் மேயராகவும் இருந்திருக்கிறார். 1979 ஆகஸ்ட் 14ல் இறந்தார்.

வீட்டை இழந்த சுப்பையா, இணைப்புக்குப் பிறகு பெரும்பாலும் குபேர் இருந்த காங்கிரஸுக்கு எதிர் வரிசையில்தான் அரசியல் செய்தார். 1969ல் திமுக கூட்டணி ஆட்சியில் அமைச்சரானார். 1993ல் காலமானார். ரயில் நிலையம் பக்கம் போகும் சாலைக்கு அவர் பெயர். குபேர் பெயர் தாங்கிய கடற்கரைச் சாலையிலிருந்து அங்கே நடந்தே போகலாம்.

இரண்டு நாடுகள் மோதிக்கொண்ட அந்த நகராட்சித் தேர்தலும் பிறகு புதுச்சேரியில் அபூர்வமாகிப் போனது. 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006ல்தான், 38 ஆண்டுகள் கழித்து. 2011ல் அந்தப் பதவிக்காலமும் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுகள் ஓடியும் அடுத்த தேர்தல் வரவில்லை. இதற்காக எந்த நாடும் புதுச்சேரிக்குக் கண்டனக் கடிதம் எழுதவில்லை.