ஹோங் லிம் பூங்கா: அந்த ஹோங் லிம் யார் தெரியுமா?

கிளார்க் கீ எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோங் லிம் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். பேச்சாளர் முனை இருக்கும் இடம். சற்றுத் தள்ளி இருக்கும் ஹோங் லிம் உணவங்காடி நிலையத்தில் வரிசை பிடித்து நின்று சாப்பிட்டும் இருக்கலாம்.

"ஹோங் லிம்" ஏதோ பழைய இடப்பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். சியாங் ஹோங் லிம். அந்தக் காலச் சிங்கப்பூரின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், தாராளமாகக் கொடை கொடுத்தவர். அவர் சம்பாதித்த பணத்தின் பெரும்பகுதி அபினிலிருந்து வந்தது.

அப்படிப்பட்டவரின் பெயர் நகரின் நடுவில் இருக்கும் பூங்காவுக்கு எப்படி வந்தது?

3,000 வெள்ளியும் ஒரு திடலும்

1876ஆம் ஆண்டு. சவுத் பிரிட்ஜ் சாலையில் இருந்த போலீஸ் அலுவலகத்துக்கு முன்னால் ஒரு காலி இடம். அதைப் பொதுமக்களுக்கான தோட்டமாக மாற்ற சியாங் ஹோங் லிம் 3,000 வெள்ளி கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய தொகை.

அந்தத் திடலுக்கு முதலில் இருந்த பெயர் வேறு. டன்மன் திடல் என்றார்கள். தாமஸ் டன்மன் சிங்கப்பூரின் முதல் போலீஸ் ஆணையர். டன்மன் சாலை, டன்மன் உயர்நிலைப்பள்ளி என்று நீங்கள் இன்றும் சொல்வது அவர் பெயரைத்தான். பிறகு, பணம் கொடுத்தவரின் பெயர் திடலுக்கு வந்தது. அதிகாரியின் பெயர் போய், கொடையாளியின் பெயர் நின்றது.

அந்தக் காலத்தில் பூங்காவுக்கோ சாலைக்கோ உங்கள் பெயர் வர வேண்டுமானால் பெரும்பாலும் இரண்டு வழிதான். ஒன்று, ஆட்சியில் இருக்க வேண்டும். இல்லையென்றால், கையில் பணம் இருக்க வேண்டும். ஃபோர்ட் கேனிங் பூங்காவில் இருப்பது இந்தியாவின் முதல் வைஸ்ராய் கேனிங் பிரபுவின் பெயர். ஃபேரர் பார்க் என்ற பெயர் நகராட்சித் தலைவராக இருந்த ஃபேரரிடமிருந்து வந்தது. ஹோங் லிம் இரண்டாவது வழியில் வந்தவர்.

சரி, அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

இதைப் புரிந்துகொள்ள அன்றைய சிங்கப்பூரின் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ராஃபிள்ஸ் காலத்திலிருந்தே சிங்கப்பூர் தீர்வையற்ற துறைமுகம். கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்கு வரி கிடையாது. வியாபாரிகளுக்கு அது ரொம்ப வசதி. ஆனால் போலீசுக்குச் சம்பளம், சாலை, நீதிமன்றம் இதற்கெல்லாம் காசு வேண்டுமே?

அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. அபின், சாராயம் போன்றவற்றை விற்கும் உரிமையை ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் மாதாமாதம் குத்தகைப் பணம் கட்ட வேண்டும். பதிலுக்கு, பச்சை அபினைக் காய்ச்சிப் புகைக்கும் பக்குவத்துக்குக் கொண்டுவந்து விற்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். அப்படிக் காய்ச்சிய அபினுக்குச் சண்டு என்று பெயர். வேறு யாராவது திருட்டுத்தனமாக விற்றால் பிடிபடுவார்கள்.

19ஆம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் சிங்கப்பூர் அரசாங்க வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. அந்த அபின் இந்தியாவிலிருந்து வந்த சரக்கு. கங்கைக் கரையோரம் விவசாயிகள் பயிரிட்டது பாட்னாவிலும் பனாரஸிலும் பதமாகி, கல்கத்தாவில் ஏலம் போய், கப்பலேறி இங்கே வந்தது. அங்கே அந்த வியாபாரத்தை நடத்தியதும் பிரிட்டிஷ் அரசாங்கம்தான்.

ஆகவே, அன்றைக்கு அபின் வியாபாரி ஒளிந்து வாழ்ந்த ஆள் இல்லை. அரசாங்கத்தின் வருமானமே அவர் கையில் இருந்தது.

அப்பா விட்டுச் சென்ற தொழில்

ஹோங் லிம் ஹொக்கியன் சமூகத்தைச் சேர்ந்தவர். அப்பா சியாங் சாம் தியோவும் அபின், சாராயக் குத்தகைக்காரர்தான். மூத்த மகன் ஹோங் லிம் அதே தொழிலில் இறங்கினார்.

அது சுலபமான தொழில் இல்லை. ஏலத்தில் தோற்றுப்போனவர் சும்மா இருக்கமாட்டார். கடத்தல் அபினை உள்ளே விட்டு, ஜெயித்தவரின் வியாபாரத்தைக் கெடுக்கப் பார்ப்பார். பக்கத்தில் ஜோகூர் வேறு. அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று குத்தகை பிரிந்திருந்தால் கடத்தலுக்கு இன்னும் வசதி. ஹோங் லிம்மின் பெரிய போட்டியாளர் டான் செங் போ. தியோங் பாருவில் செங் போ சாலை இருக்கிறதே, அவர்தான்.

1870இல் கதை மாறியது. ஹோங் லிம், செங் போ, ஜோகூரில் செல்வாக்கு மிக்க டான் ஹியோக் நீ மூவரும் கைகோத்தார்கள். சிங்கப்பூர், ஜோகூர் இரண்டின் குத்தகையும் ஒரே கூட்டணியின் கைக்குப் போனது. கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் அவர்களை யாராலும் அசைக்க முடியவில்லை. பூங்காவுக்கு 3,000 வெள்ளி வந்தது இந்த ஆண்டுகளில்தான்.

அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் யார்?

சண்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். கப்பல் கட்டணத்துக்கே கடன்பட்டு வந்தவர்கள் பலர். மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களிலும் துறைமுகத்திலும் முதுகு ஒடிய வேலை. உடல்வலி மறக்கவும், ஊர் நினைப்பு மறக்கவும் புகைத்தார்கள். பிறகு விட முடியாமல் புகைத்தார்கள். கூலி வாங்கிய கையோடு அது சண்டுக் கடைக்குப் போனது.

இந்த வியாபாரம் ஹோங் லிம்மோடு முடியவில்லை. 1910இல் அரசாங்கம் குத்தகைமுறையை நிறுத்திவிட்டுத் தானே சண்டு விற்க ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் தடை வந்தது.

கொடுத்ததும் உண்மை

ஹோங் லிம் பணத்தைப் பூட்டி வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன் கடைப் பெயரில் சியாங் வான் செங் பள்ளியைத் தொடங்கினார். ஹேவ்லாக் சாலையில் 1887இல் ஜேட் பேரரசருக்குக் கோயில் கட்டினார். அது இன்றும் இருக்கிறது. அரசாங்கம் அவரைச் சமாதான நீதிபதியாக நியமித்தது. 1893 பிப்ரவரி 11ஆம் தேதி காலமானார். பூங்கா தவிர, சியாங் ஹோங் லிம் ஸ்திரீட், சியாங் வான் செங் பிளேஸ் என்று நகரின் நடுப்பகுதியில் அவர் பெயரும் கடைப் பெயரும் நிலைத்துவிட்டன.

திடலுக்குக் கிடைத்த வேறு வாழ்க்கை

அவருக்குப் பிறகு திடலின் கதை அவர் கையில் இல்லை. சீனர் பொழுதுபோக்கு மன்றம் ஒன்று அங்கே விளையாடியது. 1950களிலும் 60களிலும் அரசியல் கூட்டங்கள் களைகட்டின. 1961 ஹோங் லிம் இடைத்தேர்தலில் முன்னாள் மேயர் ஓங் எங் குவான் மக்கள் செயல் கட்சி வேட்பாளரைத் தோற்கடித்தார். ஹோங் லிம் என்றாலே அரசியல் என்று ஆனது.

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி பேச்சாளர் முனை திறக்கப்பட்டது. ஆரம்பத்தில் பேச விரும்புவோர் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் பதிய வேண்டியிருந்தது. போலீஸ் அலுவலகத்துக்கு முன்னால் தொடங்கிய திடல் அல்லவா! 2008 முதல் தேசியப் பூங்காக் கழகத்திடம் இணையத்தில் பதியலாம். குடிமக்கள் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

இன்றைக்கு என்றால் அந்தப் பெயர் வைப்பார்களா?

சந்தேகம்தான். பீஷான்-அங் மோ கியோ பூங்கா, பொங்கோல் நீர்வழிப் பூங்கா, பிடாடரி பூங்கா என்று புதியவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் வட்டாரத்தின் பெயர்தான். சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் பெயர்களை அங்கீகரிக்கத் தனி வாரியம் இருக்கிறது. ஆட்களின் பெயரை அது பொதுவாக ஊக்குவிப்பதில்லை. நாட்டுக்குப் பெரும் பங்காற்றியவர் என்றால் பரிசீலிக்கலாம்.

அப்போ ஹோங் லிம் பெயரை எடுத்துவிட வேண்டுமா? நீங்களே யோசித்துப் பாருங்கள். எடுத்துவிட்டால், தீர்வையற்ற துறைமுகம் எந்தக் காசில் நடந்தது என்று கேட்கத் தூண்டும் ஓர் அடையாளமும் போய்விடும். வைத்திருந்தால், கொடையாளி என்ற பாதிக் கதையோடு நிறுத்திவிடக் கூடாது. கொடுத்தவரின் பெயர் திடலில் இருக்கிறது. சண்டுக் கடையில் தன் கூலியைக் கொட்டிய தொழிலாளி ஒருவரின் பெயர்கூட எந்தப் பூங்காவிலும் இல்லை. அந்த 3,000 வெள்ளியில் அவர்கள் காசும் இருந்தது.