இரவல் மட்டையால் வென்ற வால்டர் டிராவிஸ்

கோல்ப் ஆட்டத்தில் பந்தை 250 கெஜ தூரம் பறக்க விடுபவரைக் கண்டு எல்லோரும் வியப்பார்கள். குழிக்கு அருகே நின்று ஒரு கெஜ தூரம் பந்தை உருட்டுபவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கணக்கில் அதுவும் ஓர் அடி. இதுவும் ஓர் அடி. இதை நன்கு உணர்ந்து புகழ் பெற்றவர் வால்டர் டிராவிஸ்.

அவர் 1862-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் உள்ள மால்டன் என்ற ஊரில் பிறந்தார். இரும்புச் சாமான் விற்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனி அவரை நியூயார்க்குக்கு அனுப்பியது. பிழைக்கப் போன இடமே சொந்த நாடாயிற்று.

34 வயதில்

கோல்ப் மட்டையை அவர் முதன்முதலாகக் கையில் எடுத்தது 1896-ல். அப்போது வயது 34. சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை. புத்தகங்களைப் படித்தும், ஓயாமல் பழகியும் தாமே கற்றுக்கொண்டார். நான்கே ஆண்டுகளில், 1900-ல், அமெரிக்க அமெச்சூர் சாம்பியன் ஆனார். 1901, 1903 ஆண்டுகளிலும் அந்தப் பட்டம் அவருக்கே கிடைத்தது. காலம் தாழ்ந்து வந்தவர் என்பதால் கிழவர் என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

இளைஞர்களைப் போல நெடுந்தூரம் அடிக்க அவரால் முடியாது. அந்தக் குறையைக் குழி அருகே ஈடுகட்டினார்.

சின்னக் குழி

கோல்ப் குழியின் அகலம் 4¼ அங்குலம். டிராவிஸ் பழகுவதற்கென்று பந்தைவிடச் சற்றே பெரிய குழிகளை வெட்டச் செய்தார். அதில் பந்தை விழவைத்துப் பழகியவருக்கு, போட்டிக் குழி வாய் அகன்ற பானையாகத் தெரிந்திருக்கும்!

அவருடைய முறையும் எளியது. பந்தின் பின்புறம் ஒரு சிறு ஆணி இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதை நேராக அறைவதுபோல மட்டையைச் செலுத்த வேண்டும். அப்படிச் செய்தால் மட்டை கோணாது. பந்தும் விலகி ஓடாது.

இரவல் மட்டை

1904-ம் ஆண்டு பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டிக்குச் சென்றார். வயது 42. அதுவரை வெளிநாட்டார் எவரும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை.

போன இடத்தில் சோதனை வந்தது. பயிற்சி ஆட்டங்களில் அவர் உருட்டிய பந்துகள் குழிக்குள் விழ மறுத்தன. பழகிய மட்டையின் மீதே நம்பிக்கை போயிற்று. போட்டி நெருங்கும் நேரத்தில் நண்பர் ஒருவரின் மட்டையை இரவல் வாங்கிப் பார்த்தார். அலுமினியத் தலையின் நடுவில் காம்பு பொருத்திய புது மாதிரி மட்டை அது. ஸ்கெனெக்டடி என்ற அமெரிக்க ஊரின் பெயரால் வழங்கியது. அதைப் பிடித்ததும் கை நிலைப்பட்டது.

சாண்ட்விச் நகரில் போட்டி நடந்தது. ஹில்டன், ஹட்சின்சன் ஆகிய முன்னாள் சாம்பியன்களை வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தார். எதிரே எட்வர்ட் பிளாக்வெல். நெடுந்தூரம் அடிப்பதில் பெயர் பெற்றவர். தூரத்தில் அவர் முந்தினார். குழி அருகே டிராவிஸ் விட்டுக்கொடுக்கவில்லை. 3 குழிகள் மீதி இருக்கும்போதே 4 குழி முன்னணி பெற்று டிராவிஸ் பட்டம் வென்றார்.

அத்தகைய மட்டைக்கு 1910-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகம் தடை விதித்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. தடை நீங்க 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இளைஞருக்கு உதவி

பாபி ஜோன்ஸ் என்ற இளம் வீரருக்கும் பந்தை உருட்டுவதில் தடுமாற்றம் இருந்தது. 1924-ல் டிராவிஸ் அவருக்கு வழி காட்டினார். குதிகால்கள் ஏறக்குறைய ஒட்டும்படி நிற்கச் சொன்னார். மட்டையைப் பிடிக்கும் விதத்தையும் மாற்றினார். அதே ஜோன்ஸ் 1930-ல், ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றார். அதைக் காண டிராவிஸ் இல்லை. 1927 ஜூலை 31-ந் தேதி அவர் காலமாகிவிட்டார்.

தேர்ந்த கையும் ஒரு சமயம் தடுமாறும். ஆளில்லாத நேரத்தில் சின்னக் குழியில் பழகிய கைக்கு, போன நம்பிக்கை மீண்டும் வந்து சேரும்.