ஒரு நாழிகை காத்த தாய்
கோச்செங்கட் சோழ நாயனார் திருவரலாறு

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் அரச மரபில் தோன்றித் திருக்கோயில் பணியையே தம் வாழ்வாகக் கொண்டவர் கோச்செங்கட் சோழ நாயனார். அவர் பிறந்த நேரமும் அதற்காக அவரைப் பெற்ற தாய் செய்த தியாகமும் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் உருக்கமாகப் பேசப்படுகின்றன.

காவிரிக் கரையில் உள்ள திருவானைக்காவில், வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளிய சிவலிங்கத்தை முன்னொரு காலத்தில் வெள்ளை யானை ஒன்று நீராட்டி மலர் தூவி வழிபட்டு வந்தது. சருகுகள் இறைவன் திருமேனியில் விழாதவாறு சிலந்தி ஒன்று மேலே வலைப்பந்தல் அமைத்தது. அதனைத் தூய்மையற்றதெனக் கருதி யானை அழித்தது. சினந்த சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடிக்க, யானை துதிக்கையை நிலத்தில் மோதி வீழ்ந்தது. இரண்டும் மாண்டன. யானைக்கு இறைவன் அருள்புரிந்தான். சிலந்தியைச் சோழர் குலத்தில் பிறக்கச் செய்தான்.

சோழ மன்னன் சுபதேவனும் அரசி கமலவதியும் மகப்பேறு வேண்டித் தில்லைக் கூத்தப்பெருமானை வழிபட்டனர். அரசி கருவுற்றாள். பிள்ளை பிறக்கும் தறுவாயில், ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் இக்குழந்தை மூவுலகையும் ஆளும் என்று காலக் கணிதர் கூறினர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். பேறுகால வேதனையில் இருந்த தாய், தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கி நிறுத்துமாறு பணித்தாள். அவ்வாறே செய்தனர். குறித்த நேரம் வந்ததும் கட்டவிழ்த்துவிட, குழந்தை பிறந்தது. தாமதத்தால் அதன் கண்கள் சிவந்திருந்தன. அன்னை அந்நிறத்தையே பெயராக்கி மகனை அன்போடு அழைத்தாள். அழைத்த அளவிலேயே உயிர் நீத்தாள்.

தாயை அறியாது வளர்ந்த மைந்தனுக்குச் சுபதேவன் முடிசூட்டித் தவத்திற்குச் சென்றான். முற்பிறப்பின் நினைவோடு வந்த செங்கணார் திருவானைக்காவில் வெண்ணாவலுடன் திருக்கோயில் எழுப்பினார். சோழநாடெங்கும் யானை ஏற இயலாத மாடக்கோயில்கள் பல கண்டார். தில்லைவாழ் அந்தணர்க்கு மாளிகைகள் அமைத்தார். சிவபெருமானுக்கு அவர் எழுபது கோயில்கள் எடுத்ததைத் திருமங்கையாழ்வாரும் போற்றியுள்ளார். மாசிச் சதயம் அவருடைய குருபூசைத் திருநாள்.

இன்றும் நல்ல நட்சத்திரத்தில் பிள்ளை பிறக்க வேண்டுமென்று நாள் குறித்து, வலியை வரவழைக்கவோ அறுவை செய்யவோ மருத்துவரை வேண்டும் பெற்றோர் உளர். குழந்தையின் நுரையீரலும் மூளையும் கருவறையின் இறுதி வாரங்களிலும் வளர்கின்றன. ஆதலால் தக்க மருத்துவக் காரணம் இன்றி 39 வாரம் நிறைவதற்கு முன் பிரசவத்தைத் தூண்டுவதை மருத்துவர்கள் ஏற்பதில்லை.

கமலவதியார் குறித்த நேரம் மகனுக்குக் கிடைத்தது. மகனுக்குத் தாய் கிடைக்கவில்லை. நாயனாரை உயர்த்தியதோ அந்த ஒரு நாழிகை அன்று; சிலந்தியாய் இருந்தபோதே செய்த சிவத்தொண்டு. நேரத்தைப் படைத்தவன் திருவடியில் பாரத்தை வைத்து, தாயும் சேயும் நலமுடன் இல்லம் திரும்ப வேண்டுவதே மெய்யன்பர்க்கு உரிய வழிபாடு.

திருச்சிற்றம்பலம்.