ப்ளூபெர்ரியை காட்டிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்த பெண்... யார் இந்த எலிசபெத் ஒயிட்?

சூப்பர் மார்க்கெட்டில் சின்ன டப்பாவில் விற்கும் ப்ளூபெர்ரி, 1900-களின் தொடக்கம் வரை காட்டுப் பழம்தான். அமெரிக்கர்கள் காட்டில் தானாக விளைந்ததைப் பறித்துச் சாப்பிட்டதோடு சரி. தோட்டத்துக்குக் கொண்டுவந்து நட்டால் செடி பட்டுப்போகும். இதை வளர்க்கவே முடியாது என்றுதான் பல விவசாயிகள் நினைத்தார்கள். அந்த நினைப்பை மாற்றியவர் எலிசபெத் ஒயிட்.

கிரான்பெர்ரி வீட்டுப் பெண்

1871-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர் எலிசபெத். அப்பா ஜோசப் ஒயிட் பெரிய கிரான்பெர்ரி விவசாயி. நான்கு மகள்களில் மூத்தவரான எலிசபெத், இருபதுகளிலேயே அப்பாவோடு தோட்ட வேலையில் இறங்கிவிட்டார்.

திருப்புமுனை எது?

1911-ல் ஓர் அரசு ஆய்வறிக்கை அவர் கைக்குக் கிடைத்தது. எழுதியவர் வேளாண் துறை தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில். ப்ளூபெர்ரிக்கு வளமான மண் ஆகாது, அமிலத்தன்மை உள்ள மண்தான் வேண்டும் என்பது அவரது கண்டுபிடிப்பு. ஒயிட் குடும்பத்தின் நிலமோ அமில மண்! உடனே அவரை அழைத்து, நிலமும் உதவியும் தந்தார் எலிசபெத்.

செடியைத் தேடியது யார்?

நல்ல செடிக்கு எங்கே போவது? பக்கத்து பைன் காட்டு மக்களிடமே கேட்டார். வெளியூர்க்காரர்கள் ஏளனமாகப் பார்த்த ஏழை மக்கள் அவர்கள். ஆனால் காட்டில் எந்தச் செடியில் பெரிய பழம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 5/8 அங்குல ஓட்டை போட்ட அளவுகோலை அவர்களிடம் கொடுத்தார். அந்த ஓட்டையில் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் இருந்தால் செடிக்குப் பணம், உழைத்த நேரத்துக்கும் பணம். அதோடு, கண்டுபிடித்தவரின் பெயரையே செடிக்கு வைத்தார்.

ரூப் லீக் என்பவர் காட்டிய செடிக்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல். லீக் என்றால் வெங்காய வகைக் கீரை ஞாபகம் வரும். அதனால் அதன் முதல் எழுத்தான 'எல்'லை மட்டும் எடுத்து 'ரூபெல்' ஆக்கினார்கள்.

1916-ல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. பழம் வெளியே தெரியும்படி செலோஃபேன் தாள் சுற்றி விற்ற முன்னோடிகளில் எலிசபெத்தும் ஒருவர். 1954-ல் அவர் காலமானார்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு

அன்று கண்டறிந்த விஷயங்கள்தான் இன்றும் அடிப்படை:

* மண்ணின் பி.எச். அளவு 4.5 முதல் 5.5-க்குள் இருக்க வேண்டும். சுண்ணாம்பு சேர்க்கவே கூடாது.
* ஒரே செடி போதாது. இரண்டு ரகங்களைப் பக்கத்தில் நட்டால் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடந்து பழம் பெரிதாகும்.
* குளிர்காலக் குளிர் அவசியம். வெப்பமான ஊர்களுக்குக் குறைந்த குளிர் போதுமான ரகங்களே சரி.
* நீலமானதும் பறிக்காதீர்கள். காம்புப் பக்கம் சிவப்பு இருந்தால் இன்னும் புளிக்கும். சில நாள் விட்டால், தொட்டதும் கையோடு வந்துவிடும்.

எலிசபெத் போய் 70 வருடங்கள் ஆகிவிட்டன. ரூபெல் ரகம் இன்றும் பயிராகிறது. ஒரு காட்டுவாசியின் பெயர், நூறு வருடம் தாண்டியும் ஒரு பழச்செடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.